பன்னிரண்டாம் ஸ்தலத்தில் நீ கொடுத்த சுருதி

போன செவ்வாய்க்கிழமை பீரோவை ஒரு பக்கமாக நகர்த்தினேன். மேல்தட்டில் வருஷக்கணக்காகக் கிடந்த கைக்குட்டைப் பொட்டலம் நழுவி விழுந்தது. கைக்குட்டை ஒரு பக்கம், உள்ளே இருந்த இரும்பு ஒரு பக்கம். சிமெண்டுத் தரையில் விழுகிற எந்த இரும்பும் ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடும். இது அடங்காமல் ஒரே சுருதியில் ரீங்கரித்துக்கொண்டு கிடந்தது. குனிந்து காம்பைப் பிடித்துத் தூக்கினேன். நம்முடைய டியூனிங் ஃபோர்க், தட்டினால் ஒரே சுருதி கொடுக்கும் அந்த இரட்டைக் கவை இரும்பு. ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்று காம்பில் வெட்டியிருந்த அதிர்வெண் பாதி துருவில் மறைந்திருந்தது.

எடுத்த கை காதுக்குப் போகும் என்றுதானே நினைப்பாய்? வாய்க்குப் போனது. உதட்டை ஓ என்று குவித்து அதற்கு நேராகப் பிடித்தேன். அடங்கப் போன ஒலி பொங்கி எழுந்தது. எழுபத்தைந்து வயசுக்காரி இரும்புத் துண்டுக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு நிற்பதை வீட்டு வேலைக்கு வரும் பெண் பார்த்துவிட்டாள். என்னம்மா செய்றீக என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. அழவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவள், அன்றைக்குப் பீரோவில் சாய்ந்துகொண்டு நன்றாக அழுதேன்.

நாற்பது வருஷத்துக்கு மேலாக உன்னிடம் ஒன்றை மறைத்து வைத்திருந்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன். இந்த முறையாவது நீ குறுக்கே பேச மாட்டாய்.

பழங்காநத்தத்தில் நாம் இருந்த காம்பவுண்டில் ஆறு வீடு, ஒரு குழாய். எனக்கு மகளிர் கல்லூரியில் இயற்பியல் லேபில் வேலை. உனக்கு மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. நான் நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்துக் காட்டு வேலைக் குடும்பம்; எங்கள் வீட்டில் பாட்டு என்றால் நடவுப்பாட்டு, அதுவும் எனக்கு வராது. நீ பிறந்ததே கோயில் பாடற்குழுவில் என்பதுபோல நடந்துகொள்வாய். ஒன்பது வயதில் ஆர்மோனியத்துக்குத் துருத்தி போட்டவளாம், இருபத்தைந்தில் குழுவையே நடத்தியவளாம். என்னை சயின்ஸ்காரி என்று கூப்பிடுவாய். பெயர் சொல்லி நீ கூப்பிட்டது எனக்கு நினைவே இல்லை.

என்னைப் பற்றி ஒரு விஷயம் உனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பில் சுதந்திர தினத்துக்குப் பாட நிறுத்தியபோது, பாட்டு டீச்சர் என் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, நீ வாயை மட்டும் அசை என்றார். அன்றிலிருந்து நான் வாயை மட்டும்தான் அசைத்தேன். நான் தாலாட்டுக்கூடப் பாடியதில்லை. நீ இதைக் கேட்டதும் சிரிக்கவில்லை. அந்த டீச்சர் எங்கே இருக்காங்க, போய் ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வாரேன் என்று செருப்பை மாட்டினாய்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம் உன் கழுத்தில் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. கட்டிக்கு ஒட்டினாற்போல் ஓடும் நரம்பு பழுதுபட்டிருக்கிறது, குரல் நாண் அசையவில்லை, திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். உனக்கு மிஞ்சியது கிசுகிசுப்பு மட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நாளே, டைப்ரைட்டருக்குக் குரல் எதுக்கு என்று மூச்சுக்காற்றில் சொல்லிக் காட்டினாய். வேலைக்குப் பயமில்லை. பயமெல்லாம் பெரிய வெள்ளிக்கு.

அதன் காரணத்தை நீ சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். பெரிய வியாழன் பூசையில் ஆர்மோனியமும் மணியும் நின்றால் பாஸ்கு இரவு, அதாவது ஈஸ்டர் இரவு வரை வாய் திறக்காது. மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். பெரிய வெள்ளி சிலுவைப்பாதையில் பதினான்கு ஸ்தலம். ஸ்தலத்துக்கு ஸ்தலம் ஜனங்கள் நகர்ந்து முழந்தாளிட, நடுவில் ஒவ்வொரு அடி பாட வேண்டும், துணைக்கு எந்த வாத்தியமும் இல்லாமல். பதினான்கு முறையும் குழுவுக்குச் சுருதி கொடுப்பது நீதான், மெதுவாக முனகி. அந்த முனகல் இனி இல்லை.

பங்குச் சாமி நல்லவர், ஆனால் நல்லவர்கள் சீக்கிரம் முடிவெடுத்துவிடுவார்கள். பரவையிலிருந்து ஒரு வாத்தியார் வருவார், நன்றாகப் பாடுவார், இந்த வருஷம் மட்டும் அவர் நடத்தட்டும் என்றார். இந்த வருஷம் மட்டும் என்று கொடுத்தது திரும்பி வராது என்று உனக்குத் தெரியும். நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில், தவக்காலம் முழுவதும் எனக்குக் கொடுங்கள், அதற்குள் முடியவில்லை என்றால் நானே விலகிக்கொள்கிறேன் என்று எழுதி அவர் கையில் வைத்தாய்.

முதல் ஒத்திகைக்கு நானும் வந்தேன். கிசுகிசுத்தே பாட்டு நடத்தலாம் என்று நீ நினைத்ததும் அதற்கு நான் தலையாட்டியதும் இரண்டு பேருடைய முட்டாள்தனமும்தான். குழுவில் எட்டுப் பேர். முதல் வரியின் ஸ்வரங்களை நீ மூச்சிலேயே சொன்னாய். ச, ரி, க, ம என்று ஏற்றிக்கொண்டு போனதாக நீ நினைத்தாய். கேட்டவர்கள் காதில் அப்படி ஏறவே இல்லை. ரி மட்டும் கிறீச்சென்று மேலே போய் நின்றது. அடுத்து வந்த க பொத்தென்று கீழே விழுந்தது. ‘ச’வுக்கும் ‘ப’வுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. எட்டுப் பேரும் எட்டுத் தெருவில் போனார்கள். பின்வரிசையில் ஒரு பெண் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தாள். நீ அதைப் பார்த்தாய்.

மறுநாள் காலை குழாயடியில்தான் எனக்கு வெளிச்சம் வந்தது. நீ குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு எதிர்வீட்டு அக்காவிடம் மூச்சுக்குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாய். குடம் நிறையும் நேரத்துக்குச் சரியாகத் திரும்பிக் குழாயை மூடினாய். இதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கேட்டேன், பார்க்காமலே எப்படித் தெரிகிறது என்று.

"சத்தம் ஏறுதுல்ல" என்றாய். இது கூடத் தெரியாதா என்கிற மாதிரி.

அங்கேயே குடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். விழுவது அதே தண்ணீர், அதே இரைச்சல். குடத்துக்குள் காலியிடம் குறையக் குறையச் சுருதி ஏறுகிறது. கிசுகிசுப்பும் இதேதான். பேசும்போது தொண்டையில் நாண் அதிர்கிறது, அந்த அதிர்வுதான் சுருதி. கிசுகிசுக்கும்போது நாண் அதிர்வதில்லை. இடுக்கில் காற்று சீறுகிறது, அவ்வளவுதான். அந்தச் சீறலில் எல்லாச் சுருதியும் கலந்து கிடக்கிறது. வாய் என்கிற குடம், தன் அளவுக்குப் பொருந்தியதைத் தூக்கிக் காட்டுகிறது. ஊ என்றால் உள்ளே இடம் பெரிது, வாசல் சிறிது. சத்தம் அடியில் கேட்கிறது. ஈ என்றால் நாக்கு முன்னால் ஏறி இடத்தை அடைத்துக்கொள்கிறது; சத்தம் உச்சியில் கேட்கிறது. ரி என்று நீ சொன்னால் ஈகாரம் மேலே இழுக்கிறது, க என்றால் அகாரம் கீழே தள்ளுகிறது. ஸ்வரத்தின் பெயர் ஒரு பக்கம் போக, வாயின் வடிவம் இன்னொரு பக்கம் போயிருக்கிறது. உன் மேல் குற்றமில்லை, ஸ்வரங்களுக்குப் பெயர் வைத்தவர் கிசுகிசுப்பை நினைத்து வைக்கவில்லை என்றேன்.

நீ நம்பவில்லை. நான் சொன்னதில் எதை நீ ஒரே தடவையில் நம்பினாய்? லேபில் புது செட் வந்தபோது கழித்துப் போட்ட ஃபோர்க்குகளில் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அதை எடுத்து வந்து முழங்காலில் தட்டி உன் வாய்க்கு நேரே பிடித்து, ஈயிலிருந்து ஊ வரை சத்தமில்லாமல் வாயை மாற்று என்றேன். ஈ, ஏ, ஆ என்று வந்தாய்; ஒன்றும் நடக்கவில்லை. ஓ வந்ததும் ஃபோர்க் விழித்துக்கொண்டு அடுப்படி வரை கேட்டது. உன் கண் விரிந்தது எனக்கு இன்னும் தெரிகிறது. மூச்சுக்கூட விடாமல், குரல் இல்லாத உன் வாய், அந்தச் சுருதியைப் பிடித்து வைத்திருந்தது.

"அப்ப என் வாயில பாட்டு இருக்கு" என்றாய்.

இருக்கிறது என்றேன். நீ அழுதாய். ஆபரேஷனுக்குப் பிறகு நீ அழுதது அன்றைக்கு ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு உன்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஸ்வரப் பெயர்களைத் தூக்கிக் குப்பையில் போட்டாய். ஊ, ஓ, ஆ, ஏ, ஈ, இவற்றுக்கு இடையில் இருக்கிற இடுக்கு வடிவங்கள், இவை மட்டும்தான். ஃபோர்க்கைத் தட்டிக் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துக்கொள்வாய்; அது உனக்கு மட்டும் கேட்கும். உடனே அதே சுருதி வரும் வரை ஓவைச் சரிசெய்து, மூச்சாக வெளியே விடுவாய். குழுவினர் அதைக் கேட்டு அவரவர் குரலுக்கு ஏற்ற ஸ்தாயியில் பிடித்துக்கொள்வார்கள். பாட்டு இறங்கினால் வாயை ஏகாரத்துப் பக்கம் கொஞ்சம் விரித்து ஊதுவாய். மேலே வா என்று அர்த்தம். முதல் வாரம் தடுமாறினார்கள். மூன்றாம் வாரம், முந்தானையைக் கடித்த அந்தப் பெண்ணே முதலில் பிடித்தாள்.

காம்பவுண்டில் மற்றவர்களும் உன் மூச்சைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். நீ கேட்கிறாயா, கேலி செய்கிறாயா, கோபமாக இருக்கிறாயா என்று கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தே சொல்லிவிடுவார்கள். உன் கிசுகிசுப்பில் திட்டு வாங்கிய பால்காரர், சத்தமாத் திட்டுனாக்கூடப் பரவாயில்லக்கா, இது நெஞ்சுல போய் உக்காருது என்று என்னிடம் முறையிட்டார்.

நான் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நாணே அதிராதபோது எட்டுப் பேர் ஒரு குறிப்பிட்ட சுருதியை அதிலிருந்து எடுக்கிறார்கள் என்பதை என் படிப்பு ஏற்கவில்லை. வருஷா வருஷம் பாடுகிற பாட்டு, தொண்டைக்குப் பழகிவிட்டது, உன் மூச்சு இல்லாவிட்டாலும் அங்கேதான் ஆரம்பிப்பார்கள் என்று வாதாடினேன். அடுத்த ஒத்திகையில் யாரிடமும் சொல்லாமல், ஓவை ஆகாரத்துப் பக்கம் திறந்து, ஒரு ஸ்வரம் ஏற்றி ஊதினாய். அவர்கள் ஒரு ஸ்வரம் ஏற்றியே பாடினார்கள். உச்சத்தில் ஆண்களுக்குத் தொண்டை கட்டியது. நீ என்னைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாய். அப்போதும் நான் விடவில்லை. இது அடைத்த அறை, எட்டுப் பழகின ஆட்கள், கோயில் நிறைய ஜனங்கள் இழுக்கும்போது பார்க்கலாம் என்றேன்.

"பெரிய வெள்ளிக்கு வா. நானே சரியாப் பிடிச்சு நிறுத்துனா, பாஸ்குக்கு நீ என் குழுவுல நின்னு பாடணும்."

நான் பாடமாட்டேன் என்று உனக்குத் தெரிந்துதான் அந்தப் பந்தயத்தைக் கட்டினாய். தோற்க மாட்டேன் என்ற திமிரில் நானும் சரி என்றேன். ஃபோர்க்கைக் கோயிலுக்குள் தட்டக்கூடாது, அதுவும் மணி மாதிரிதான் என்று கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் உனக்குத் தடை போட்டிருந்தார். ஆகவே உள்ளே வருமுன் ஒரே ஒரு முறை எலும்பில் வைத்துக் கேட்டுவிட்டு, அதை என் கையில் கொடுத்தாய். பக்கவாட்டு வாசலில், குழுவுக்குப் பத்தடி பின்னால், வெளிப்படியில் நான் நிற்பது. அங்கே தட்டினால் யாருக்கும் கேட்காது. ஒவ்வொரு ஸ்தலத்துக்கும் காதில் வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும் என்று பேச்சு.

மூன்று மணி வெயில். கோயில் நிரம்பி, வாசல் வரை ஆள். பரவை வாத்தியாரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், தேவைப்பட்டால் எழுந்துகொள்ள. முதல் நான்கு ஸ்தலம் சுத்தம். ஃபோர்க்கோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன், பிசிறு இல்லை. ஐந்திலிருந்து ஜனங்கள் தளர ஆரம்பித்தார்கள். நோன்பு வயிறு, முழந்தாள் வலி. உபதேசியாருக்குப் பெரிய குரல், ஆனால் அடியில் இழுக்கும் குரல். நீ ஒவ்வொரு முறையும் ஊதி ஏற்றுவாய், குழு ஏறும், பின்னால் இருந்து ஐந்நூறு பேர் கீழே இழுப்பார்கள். ஒன்பதில் முழு ஸ்வரம் இறங்கிவிட்டது. பதினொன்றில் ஆண்கள் பாடுவது உறுமல் மாதிரி இருந்தது. சாமி பரவை வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார். அவர் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். உன் கழுத்துத் தழும்பு வியர்வையில் பளபளத்ததை நான் பார்த்தேன். பந்தயத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தேன், சந்தோஷமே இல்லை.

பன்னிரண்டாம் ஸ்தலம். ஆண்டவர் உயிர் விடுகிற இடம். எல்லாரும் முழந்தாளிட்டு மௌனமாக இருக்க வேண்டும் என்பது முறை. மரக்கட்டை ஒரு முறை தட்டியது. ஐந்நூறு பேர் மூச்சடக்கியது போல இருந்தது. வெளியே வேப்பமரத்தில் ஒரு காக்கா கத்தி நிறுத்தியது. நான் அந்த மதக்காரி இல்லை, இருந்தும் படியில் முழந்தாளிட்டேன். எல்லாரும் கீழே இருக்கும்போது நான் மட்டும் நிற்க முடியவில்லை.

அந்த மௌனம் முடிகிற விளிம்பில் நீ ஊதினாய். அதுவரை எந்த ஸ்தலத்திலும் உன் மூச்சு என் காது வரை வந்ததில்லை. அப்போது வந்தது. ஒரு ஓ. காற்றுத்தான், வேறொன்றுமில்லை, ஆனால் அது எங்கே நிற்கிறது என்று சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. இறங்கிப்போன இடத்தில் இல்லை, முதல் ஸ்தலத்தில் ஆரம்பித்தோமே, அங்கே நின்றது. எட்டுப் பேரும் அங்கேயே பிடித்தார்கள். இழுக்கிற கூட்டம் மௌனத்தில் பழைய சுருதியை மறந்துவிட்டிருந்தது, உபதேசியார் உட்பட. கோயில் முழுக்க மேலே ஏறி வந்தது. சாமி நிமிர்ந்தார். பரவை வாத்தியார் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, பாட ஆரம்பித்தார்.

எல்லாம் முடிந்து கோயில் வளாகத்தில் கஞ்சி ஊற்றினார்கள். நீ குவளையோடு நேராக என்னிடம் வந்தாய். "பன்னெண்டுல சரியா இருந்துச்சா?"

"ஏறக்குறைய" என்றேன்.

சயின்ஸ்காரி ஏறக்குறைய என்றால் நீ ஜெயித்ததாகவும் ஆகாது, தோற்றதாகவும் ஆகாது; நான் பாடவும் வேண்டாம். நீ கஞ்சியை ஒரு வாய் குடித்தாய். பிறகு, பக்கத்து வாசப் பக்கம் ஒரு புதுக் குரல் கேட்டுச்சு, யாருன்னு தெரியல என்றாய். நான் கவனிக்கவில்லை என்றேன்.

குரல் உனக்குத் திரும்பவே இல்லை. ஆனால் குழு உன் கையை விட்டும் போகவில்லை. எண்பதுகள் முழுக்க நீதான் நடத்தினாய். பரவை வாத்தியார் உன் குழுவில் வந்து நின்று பாடினார். நான் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போன பிறகும் பெரிய வெள்ளிக்கும் பாஸ்குக்கும் பக்கவாட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். போனில் நீ ஒரு மூச்சு விட்டால் போதும், வீட்டில் எல்லாருக்கும் யாரென்று தெரியும். சாம்பார் எப்படி, மழை பெய்ததா, மருமகள் எப்படி, எதைக் கேட்டாலும் ஏறக்குறைய என்று பதில் சொல்லி என்னைக் குத்துவாய். நானும் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவேன்.

மறைத்தது இதுதான். பன்னிரண்டாம் ஸ்தலத்தில் நான் ஃபோர்க்கைத் தட்டவே இல்லை. அது என் மடியில் கிடந்தது. உன் மூச்சு வந்ததும் என் வாய் திறந்துகொண்டது. ஐந்தாம் வகுப்பிலிருந்து அசைந்து மட்டும் பழகின வாய், அன்றைக்குப் பாடியது. நீ கொடுத்த இடத்தில் நின்று, நீ கொடுத்த சுருதியில், அந்த அடி முழுவதும் பாடினேன். பாட்டே வராதவள் என்று முத்திரை குத்தப்பட்ட ஒருத்தி, அதிராத தொண்டையிலிருந்து வந்த காற்றை வைத்துச் சுருதி பிடித்தாள். இதைவிட வேறு என்ன அளவு வேண்டும்? அதை உன்னிடம் சொல்லியிருந்தால் பாஸ்குக்கு எட்டுப் பேரோடு நின்று எல்லார் முன்னாலும் பாட வேண்டும். அந்தப் பயத்தில் ஏறக்குறைய என்றேன். புதுக் குரல் யாருடையது என்று உனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும், நானாகச் சொல்லட்டும் என்று இத்தனை வருஷம் காத்திருந்தாய். உன் பக்கத்தில் நின்று பாடியிருக்க வேண்டிய பாஸ்குகளை எல்லாம் நான் வாசற்படியில் நின்றே கழித்தேன். அதுதான் எனக்கு வலிக்கிறது.

செவ்வாய்க்கிழமை அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஃபோர்க்கை முழங்காலில் தட்டினேன். வாய்க்கு நேரே பிடித்து, ஓ பொங்குகிற இடத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, பன்னிரண்டாம் ஸ்தலத்து அடியைச் சத்தமாகப் பாடினேன். வேலைக்கு வரும் பெண் துடைப்பத்தை வைத்துவிட்டுக் கதவோரம் நின்று கேட்டாள். முடிந்ததும், உங்களுக்குப் பாட வருமாம்மா என்றாள். வரும் என்றேன். பிறகு ஃபோர்க்கைத் தட்டி எலும்பில் வைத்து ஒத்துப் பார்த்தேன். ஏறக்குறைய இல்லை. சரியாக இருந்தது. பந்தயத்தில் நான் தோற்றுவிட்டேன், பாட்டுக்காரி. வருகிற பாஸ்குக்கு உன் குழுவில் நிற்கிறேன்.